கழுவிக் கழுவி வறண்ட கைக்கு வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி: ஒரு மதிப்புரை

நாளைக்கு இருபது முறை கை கழுவ வேண்டிய வேலையில் இருப்பவர்களின் கை பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் கெடும். முதலில் விரல் முட்டிகளில் சாம்பல் பூத்தது போல வெளுப்பு. அப்புறம் சொரசொரப்பு, சிவப்பு, தண்ணீர் பட்டாலே எரிச்சல். கடைசியில், விரலை மடக்கினால் பிளந்துகொள்ளும் வெடிப்பு. இதற்கென்று கடை அடுக்கில் நிற்கும் டப்பாக்களிலேயே மிகச் சாதாரணமானது வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. மணம் இல்லை, உட்பொருள் பட்டியலில் ஒரே ஒரு பெயர்: பெட்ரோலேட்டம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இரவில் பூசிக்கொண்டு படுக்க இதை மிஞ்ச ஆளில்லை; பகலில் பலருக்குக் கைகொடுக்காது; கையைக் கெடுக்கிற சோப்பை மாற்றாமல் இதை மட்டும் பூசுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

இதன் பிறப்பு எண்ணெய்க் கிணற்றில். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எண்ணெய் எடுத்தவர்கள், பம்புக் கம்பிகளில் படிந்து தொல்லை கொடுத்த மெழுகுப் பிசினைத் தங்கள் வெட்டுக்காயங்களில் தடவிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் செஸ்ப்ரோ என்ற வேதியியலாளர் அதைச் சுத்திகரித்து, 1872-இல் காப்புரிமை வாங்கி, வாசலின் என்று பெயரிட்டு விற்றார். காயம் ஆற்றும் அதிசயச் சரக்கு எதுவும் அதற்குள் இல்லை. அது செய்வதெல்லாம் மூடிவைப்பது. வறண்ட கைக்கு வேண்டியதும் முக்கால்வாசி அதுதான்.

தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. செங்கல் என்பது தட்டையான செத்த செல்கள். காரை என்பது அவற்றின் இடுக்கில் இருக்கும் கொழுப்புகள்: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். செல்களுக்குள்ளே அமினோ அமிலம், யூரியா, லாக்டேட் என்று ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்கள் உண்டு. சோப்பு அழுக்கை எடுக்கும்போது காரையையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் ஈரம்பிடிக்கும் பொருள்களை அலசிவிடுகிறது. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது, ஆகவே போனதை மேலிருந்து ஈடுகட்ட வழியில்லை. புறங்கையில் தோல் மெல்லியது. அதனால்தான் வெளுப்பு அங்கே தொடங்குகிறது. ஓட்டை விழுந்த சுவர் வழியாக உள்ளிருக்கும் ஈரம் காற்றில் போகும், அடுத்த முறை கழுவும்போது சோப்பு இன்னும் ஆழமாக இறங்கும். சுவர் தன்னைப் பூசிக்கொள்ள மணிக்கணக்கில் ஆகும்; நாமோ அதற்குள் மறுபடி குழாயடிக்குப் போய்விடுகிறோம். மொத்தச் சிக்கலும் இதுதான்.

ஈரம் இப்படி வெளியேறுவதைத் தடுப்பதில் பெட்ரோலியம் ஜெல்லிக்கு ஈடு, சாதாரணப் பூச்சுப் பொருள்களில் வேறொன்று இல்லை. மேலே படலமாக உட்காருவதோடு நிற்காமல் செல்களின் இடுக்குகளுக்குள்ளும் இறங்குகிறது. அதன் அடியில் தோல் தன் காரையைத் தானே செய்துகொள்வதும் நடக்கிறது. ஆகவே, 'பூசினால் தோல் மூச்சுவிடாது' என்ற பயம் வேண்டாம். தோலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் பெரும்பங்கு ரத்தத்திலிருந்துதான் வருகிறது.

ஆனால் ஜெல்லியில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை. காய்ந்து சொரசொரத்த கையில் அப்படியே பூசினால், காய்ந்த கைக்கு ஒரு வழவழப்பான மூடி கிடைக்கும், அவ்வளவுதான். 'ஒரு மாதமாகப் பூசுகிறேன், பலனே இல்லை' என்ற புகார்களில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கே இருக்கிறது. கையை அலசியதும் உதறி, துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தோலில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் மேலே இருந்த ஈரம் ஆவியாகிவிடும்.

அளவும் முக்கியம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை, சாதாரண டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். தோல் மருத்துவர்கள் இதை ஒரு 'விரல்நுனி அளவு' என்பார்கள். ஒரு கையின் உள்ளும் புறமும் சேர்த்துப் பூச அது போதும். இரவுக்கு இந்தக் கணக்கு சரி: இரண்டு கைக்கும் சேர்த்து ஒரு கிராம். பகலில் ஜெல்லி என்றால் இதில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். எடுத்ததை உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு புறங்கையில் வைத்து, இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று உரசுங்கள்; பிறகு விரல் முட்டிகள், விரலிடுக்கு, நகத்தைச் சுற்றிய தோல். உள்ளங்கைக்கு மிச்சம் மீதி போதும். கதவுப்பிடி வழுக்குவதும் காகிதத்தில் எண்ணெய்க் கறை படிவதும் உள்ளங்கையில் அப்பிக்கொள்வதால்தான். ஐந்து நிமிடம் கழித்தும் பிசுபிசுத்தால் ஒரு டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். வேண்டிய படலம் தோலிலேயே தங்கியிருக்கும்.

குறைகள் இல்லாமலில்லை. தொடுதிரை மங்கும். காண்டாக்ட் லென்ஸ் போடும் விரலில் இது இருந்தால் லென்ஸ் பாழ். கூர்மையான கருவி பிடிக்கிறவர்கள் பகலில் இதைத் தொடவே கூடாது. லேடெக்ஸ் கையுறைக்கு அடியில் பூசினால் ரப்பர் இற்றுப்போகும். கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டை விழும். கை வியர்க்கும் வெக்கையில் கனமாகப் பூசினால் சிலருக்கு அரிப்பு எடுக்கும், புறங்கை முடிக்கால்களில் சிறு கொப்புளம் வரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். மருந்துத் தரத்தில் சுத்திகரித்த வெள்ளை ரகம் வேண்டும். சரியாகச் சுத்திகரிக்காத ஜெல்லியில் தீங்கான ஹைட்ரோகார்பன்கள் மிச்சமிருக்கலாம். மணம் சேர்த்தது, குழந்தைகளுக்கென்று நிறம் சேர்த்தது இரண்டும் வெடித்த கைக்கு ஆகாது. டப்பாவைவிட டியூப் நல்லது. ஈர விரலை உள்ளே விட்டு விட்டு எடுத்தால் அழுக்கும் கூடவே போய்ச் சேரும். டப்பாதான் இருக்கிறதென்றால் சுத்தமான ஒரு கரண்டியால் எடுங்கள். 'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை குறைவு) என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்தச் சொல்லுக்கு எந்த வரையறையும் வைக்கவில்லை, யாரும் போட்டுக்கொள்ளலாம். 'வாசனையற்றது' என்பதிலும் ஒரு கண்ணி உண்டு: மூலப்பொருளின் வாடையை மறைக்கவே மணப்பொருள் சேர்த்திருக்கலாம். பட்டியலில் 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃபிராக்ரன்ஸ்' என்ற பெயர் இல்லாமல் இருப்பதுதான் சான்று.

ஜெல்லியின் பெரிய பலம் அதில் நீர் இல்லாததே. நீர் இருக்கும் எந்த க்ரீமுக்கும் கெடாமல் வைக்கும் மருந்து தேவை. ஒவ்வாமை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. மெத்தில்ஐசோதியாசோலினோன் என்ற பதப்பொருள் பலருக்குக் கையில் ஒவ்வாமை கிளப்பியதால், கழுவாமல் விட்டுவிடும் பூச்சுகளில் அதை ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை செய்தது. திரவ சோப்புகளில் இன்னும் இருக்கிறது. க்ரீம் பூசப் பூசக் கை மோசமாகிறதென்றால் இந்தப் பெயரைப் பட்டியலில் தேடுங்கள். சோப்புப் புட்டியின் பின்பக்கத்தையும் படியுங்கள்.

இனி போட்டிக்கு நிற்பவை. பம்பு வைத்த புட்டியில் வரும் லோஷன்களில் பெரும்பகுதி தண்ணீர். பூசியதும் குளிர்ச்சியாக இருக்கும், கால் மணியில் காணாமல் போகும். வெடித்த கைக்கு அவற்றைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. கிளிசரின் மிகுந்த ஹேண்ட் க்ரீம் வேறு கதை. கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், தோலில் தங்கும், எரியாது. பகல் வேலைக்கு எங்கள் தேர்வு இதுதான், ஜெல்லி அல்ல. உட்பொருள்கள் எடை இறங்குமுகமாக எழுதப்படுவதால், பட்டியலில் தண்ணீருக்கு அடுத்த இரண்டு மூன்று இடங்களுக்குள் கிளிசரின் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாவது இடத்தில் இருந்தால் அது பெயருக்குப் போட்டது. கூடவே டைமெத்திகோன் இருந்தால் நல்லது. பிசுபிசுப்பு இல்லாமல் மெல்லிய படலம் தரும் சிலிக்கோன் அது.

யூரியா க்ரீம் தடித்து, காய்த்துப்போன தோலுக்கு. 5 முதல் 10 சதவீதம் வரை ஈரம் பிடிக்கும் வேலை. 20-க்கு மேல் போனால் தடித்த தோலை உரிக்கும் வேலை. விற்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. 40 சதவீத யூரியாவை மெலிந்து சிவந்த புறங்கையில் பூசினால் புண்ணில் உப்பு வைத்த மாதிரிதான். பத்து சதவீதமே வெடிப்பில் எரியும், அதனால் வெடிப்பு மூடிய பிறகு தொடங்குங்கள். செராமைடு சேர்த்தவை நல்லவையே. ஆனால் எவ்வளவு செராமைடு என்று டப்பா சொல்லாதபோது அந்தச் சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த க்ரீமின் பலன் பெரும்பாலும் அதிலுள்ள கிளிசரினும் பெட்ரோலேட்டமும் தருவது. தாவர எண்ணெய்கள் ஈரத்தை அடைப்பதில் ஜெல்லிக்கு வெகு தூரம் பின்னால் நிற்பவை. அவற்றிலும் ஒலிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் தோலின் காரையைக் குலைக்கவே கூடும். இயற்கையானது என்பதற்காகக் கைக்கு ஏற்றது என்று ஆகிவிடாது.

ஜெல்லிக்கும் க்ரீமுக்கும் நடுவில் ஓர் இனம் உண்டு: களிம்பு. அக்வாஃபோர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் விற்கும் அதன் களிம்பில் பெட்ரோலேட்டம் 41 சதவீதம்; மீதியில் கிளிசரின், பாந்தினால், லானலின் ஆல்கஹால் போன்றவை. தனி ஜெல்லியைவிட எளிதாகப் பரவும், கொஞ்சம் ஈரமும் பிடிக்கும். லானலின் கம்பளியிலிருந்து வருவது, சிலருக்கு ஒவ்வாது. அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்று தெரிய, முழங்கை உள்மடிப்பில் நாளைக்கு இரண்டு முறை வீதம் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். எந்தப் புதுப் பூச்சுக்கும் இந்தச் சோதனை நல்லது.

இவ்வளவும் பூசிவிட்டுப் பழைய சோப்பிலேயே கழுவினால் பயன் குறைவு. தோலின் இயல்பான அமிலத்தன்மை பி.ஹெச். 5 வாக்கில், வழக்கமான கட்டி சோப்பு 9, 10 (7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்). சோப்பில்லாச் சோப்பு என்று சொல்லத்தக்க 'சின்டெட்' கட்டிகளும் அமிலத்தன்மை சரிசெய்த திரவங்களும் 5.5 முதல் 7 வரை. திரவம் என்றாலே மென்மை என்று எண்ண வேண்டாம்: பட்டியலில் முன்வரிசையில் சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தால் அது கட்டி சோப்பைவிட மோசமாகவும் கடிக்கும். சோடியம் லாரெத் சல்ஃபேட் பெயரில் ஒத்திருந்தாலும் அதைவிட மிதமானது. 'பாக்டீரியா கொல்லி' என்ற முத்திரைக்கும் ஓட வேண்டாம். வீட்டு உபயோகத்தில் அவை சாதாரண சோப்பையும் தண்ணீரையும் விட மேல் என்பதற்குச் சான்று தரப்படவில்லை என்று எஃப்.டி.ஏ. 2016-இல் டிரைக்ளோசான் உட்பட 19 பொருள்களைக் கைகழுவும் சோப்புகளிலிருந்து விலக்கியது.

கழுவும் முறையிலும் தப்பு நடக்கிறது. காய்ந்த கையில் சோப்பை விட்டால் முழுச் செறிவும் தோலில் இறங்கும். முதலில் நனையுங்கள், பிறகு சோப்பு. இருபது விநாடி தேய்த்தால் போதும். கை பொறுக்கும் சூட்டில் கிருமி சாவதில்லை, தோலின் கொழுப்புதான் கரைகிறது. ஆகவே வெதுவெதுப்புக்கு மேல் வேண்டாம், குளிர்ந்த நீரே போதும். அலசுவதில் கஞ்சத்தனம் கூடாது. மோதிரத்தின் அடியிலும் விரலிடுக்கிலும் தங்கும் சோப்புதான் அந்த இடத்தில் மட்டும் வரும் சிவந்த வட்டத்துக்குக் காரணம். மோதிரத்தைக் கழற்றிக் கழுவி, அடியைத் துடைத்து, க்ரீம் பூசிய பிறகு போடுங்கள். கடினத் தண்ணீர் உள்ள இடங்களில் சோப்பு சரியாக அலசிப்போகாமல் படிவாக நிற்கும். அங்கே சின்டெட்டுக்கு மாறியதும் வித்தியாசம் தெரியும்.

சானிடைசரைப் பற்றிய பொதுவான எண்ணம் தலைகீழ். கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது, கிளிசரின் சேர்த்த ஆல்கஹால் சானிடைசர் சோப்பைவிடத் தோலுக்கு நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் எத்தனால் 80 சதவீதத்தோடு கிளிசரால் 1.45 சதவீதம் சேர்ப்பது இதற்காகத்தான். வெடிப்பில் பட்டால் எரியும். அந்த எரிச்சல் ஏற்கெனவே இருக்கும் காயத்தைக் காட்டுகிறதே தவிர, ஒவ்வாமை அல்ல. எரிகிறதென்று சானிடைசரை விட்டு மீண்டும் சோப்புக்குப் போகிறவர்கள் கையை இன்னும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சானிடைசர் போட்ட கையோடு சோப்பும் போட்டுக் கழுவ வேண்டாம், ஒன்று போதும். நோரோ வைரஸ் போன்ற வயிற்றுப்போக்குத் தொற்று இருக்கும் இடத்தில் மட்டும் சோப்புதான் சரி. ஜெல்லி பூசிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, அதனால் வரிசை மாறக் கூடாது: முதலில் சானிடைசர், அது முழுக்கக் காய்ந்த பின் பூச்சு.

ஜெல்லி தன் முழு வேலையையும் காட்டுவது இரவில். படுக்கப் போகும் முன், சோப்பு இல்லாமல் வெதுவெதுப்பான வெறும் நீரில் ஐந்து நிமிடம் கையை ஊறவிடுங்கள். ஒற்றி எடுத்து, கிளிசரின் க்ரீம் மெல்லிசாக ஒரு பூச்சு. இரண்டு நிமிடம் கழித்து அதன் மேல் ஜெல்லி, கைக்கு அரை கிராம். மேலே தளர்வான பருத்திக் கையுறை. நைலான் வேண்டாம், வியர்க்கும். கையுறையோடு இரவு முழுக்கத் தூக்கம் வராது என்பவர்கள் இரண்டு மணி நேரம் போட்டிருந்தாலும் பலன் உண்டு. கையுறையை இரண்டு நாளுக்கொரு முறை துவையுங்கள். ஒரு எச்சரிக்கை, டப்பாக்களில் சின்ன எழுத்தில் இருப்பது: இந்த ஜெல்லி ஊறிய துணி தீப்பொறி பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும், துவைத்தாலும் அது முழுமையாகப் போவதில்லை. அந்தக் கையுறையோடு அடுப்புப் பக்கமோ சிகரெட் பக்கமோ போகக் கூடாது.

வெடிப்பு விழுந்துவிட்டால் முதல் வேலை அதை அசையாமல் வைப்பது. விரல் மடிப்பில் உள்ள வெடிப்பு ஒவ்வொரு மடக்கலிலும் மறுபடி பிளக்கும். கழுவிக் காய்ந்த, ஆழமில்லாத வெடிப்பின் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, மருந்துக்கடைத் திரவ பேண்டேஜ் (காய்ந்ததும் படலமாக ஒட்டிக்கொள்ளும் திரவம்) ஒரு மெல்லிய பூச்சு போடலாம்; போடும்போது எரியும், பிறகு வலி சட்டென்று குறையும். ஜெல்லி பூசிய தோலில் அது ஒட்டாது என்பதால் பேண்டேஜ் முதலில், சுற்றிலும் ஜெல்லி அப்புறம். பாத்திரம் துலக்கும் ரசாயனம், சலவைத்தூள், ஈர வேலை எல்லாவற்றுக்கும் கையுறை: அடியில் பருத்தி, மேலே நைட்ரைல் அல்லது வினைல். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றிக் காற்றாட விடுங்கள். உள்ளே சேரும் வியர்வையும் ஈர வேலைதான். ஓட்டை விழுந்த கையுறை கையுறை இல்லாததைவிடக் கெடுதல், சோப்புத் தண்ணீரை உள்ளே தேக்கிவைக்கும்.

ஜெல்லியோ க்ரீமோ தீர்க்காத கைகளும் உண்டு. ஒரு கை மட்டும் வறண்டு செதில் உதிர்கிறது, இரண்டு பாதங்களிலும் அதே செதில் என்றால் அது பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் மேல் வீட்டில் கிடந்த ஸ்டீராய்டு களிம்பைப் பூசினால் சிவப்பு அடங்கியது போலிருக்கும், பூஞ்சை பரவும். விரல் ஓரங்களில் ஜவ்வரிசி போன்ற நீர்க்கொப்புளங்கள், தேன்நிறப் பொருக்கு, சீழ், இரவில் தூங்கவிடாத அரிப்பு, நகம் சொத்தையாவது, இவற்றில் எது இருந்தாலும் தோல் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். கையுறை அல்லது வேலையிடப் பொருள் மேல் சந்தேகம் இருந்தால் பேட்ச் சோதனை (சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிவைத்து ஒவ்வாமை பார்ப்பது) கேளுங்கள். ரப்பர் கையுறையில் சேர்க்கும் தையூரம் போன்ற பொருள்கள் அடிக்கடி மாட்டுகின்றன. மருத்துவர் ஸ்டீராய்டு கொடுத்தால் அதற்கும் ஜெல்லிக்கும் இடையில் அரை மணி நேரம் விடுங்கள். அவர் சொல்லாமல் ஸ்டீராய்டின் மேல் கையுறை போட வேண்டாம், மூடினால் மருந்தின் வீரியம் கூடிவிடும்.

எரிச்சல் இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கும். சொரசொரப்பு போக இரண்டு வாரம், மேல்தோல் முழுக்க மாற ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொண்டு பூச்சை மதிப்பிடுங்கள். சோப்பை மாற்றி, இரவுப் பூச்சை விடாமல் செய்து, இரண்டு வாரத்தில் துளியும் மாற்றமில்லையென்றால் வேறு டப்பா வாங்குவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறிய பிறகும் சில மாதங்களுக்கு அந்தத் தோல் பார்ப்பதற்குத் தெரிவதைவிடப் பலவீனமாகவே இருக்கும். அதுவரை படுக்கையருகில் ஜெல்லியும் குழாயடியில் கிளிசரின் க்ரீமும் இருக்கட்டும். க்ரீமை அலமாரியில் வைத்தால் யாரும் எழுந்துபோய்ப் பூசுவதில்லை.